உலோகம் தீண்டினால் ஒளி மங்கும் பாலிமர்

ஒற்றைப் பிணைப்பும் இரட்டைப் பிணைப்பும் மாறிமாறி அமைந்த கார்பன் சங்கிலியில் எலக்ட்ரான்கள் ஓர் அணுவோடு கட்டுண்டு கிடக்காமல் சங்கிலி நெடுகப் பரவி நிற்பதால், அத்தகைய சேர்மங்கள் ஒளியை வலுவாக உறிஞ்சுவதோடு அதை வேறொரு நிறத்தில் உமிழவும் செய்கின்றன. இணைவுப் பாலிமர்கள் எனப்படும் இவற்றுள் மின்சாரத்தைக் கடத்துபவற்றைக் கண்டறிந்து வளர்த்தமைக்காக ஆலன் ஹீகர், ஆலன் மெக்டயர்மிட், ஹிடெகி ஷிரகவா ஆகிய மூவரும் 2000ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசைப் பெற்றனர். நீரில் கரைந்துள்ள பாதரசம், ஈயம், தாமிரம் முதலிய உலோக அயனிகளைக் காட்டிக்கொடுக்கும் உணரிகளாக இவை பயன்படுவதோ இவற்றின் ஒளிப்பண்பினால்தான்.

தனித்தனியான ஒளிர் மூலக்கூறுகள் கரைந்துள்ள நீரில் ஓர் அயனி சிக்கினால், அது பற்றிக்கொண்ட அந்த ஒரு மூலக்கூறின் ஒளி மட்டுமே அணையும். மற்றவை ஒளிர்ந்துகொண்டே இருப்பதால் அந்த இழப்பு கருவிக்குப் புலப்படாது. பாலிமரிலோ, ஒளி உறிஞ்சப்பட்ட இடத்தில் பிறக்கும் எக்சிட்டான் எனும் ஆற்றல் பொதி, தன் குறுகிய ஆயுளுக்குள் சங்கிலியின் பல அலகுகளைக் கடந்து அலைவதால், அயனி எங்கோ ஓரிடத்தில் அமர்ந்திருந்தாலும் அதனிடம் சென்று சேர்ந்து அணைந்துவிடுகிறது. ஒரு விளக்கு பழுதானால் சரம் முழுவதும் இருண்டுவிடும் திருவிழாச் சீரியல் விளக்கின் கதைதான் இது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் திமோதி ஸ்வேகரும் சோவும் 1995இல் பாராகுவாட் என்னும் களைக்கொல்லியைக் கொண்டு இதை நிறுவியபோது, பாலிமரின் உணர்திறன் தனி மூலக்கூறினுடையதைப்போல் 60 மடங்குக்கும் மேல் இருந்தது. அந்தச் சேர்மம் உலோகமன்று. ஆயினும் பின்னர் வந்த உலோக உணரிகள் பலவற்றுக்கும் அடிப்படை இந்த வழிமுறையே.

அணைப்பது மட்டுமே வழி என்பதில்லை. வாசிலெவ்ஸ்கி என்னும் வேதியியலாளரின் குழுவினர் 1997இல் சங்கிலியின் இடையிடையே, இரு வளையங்கள் ஒன்றுக்கொன்று சற்றே முறுகி நிற்கும் பைபிரிடின் என்னும் அலகைக் கோத்தனர். உலோக அயனி அவ்விரு வளையங்களின் நைட்ரஜன் அணுக்களையும் ஒருசேரப் பற்றும்போது முறுகல் நிமிர்ந்து வளையங்கள் ஒரே தளத்துக்கு வருவதால், எலக்ட்ரான்களின் ஓட்டம் தடையின்றி நீண்டு, உறிஞ்சும் ஒளி சிவப்பின் பக்கம் நகர்கிறது.

உணர்திறனைப் பற்றியே ஆய்வுகள் பெரிதும் பேசினாலும், உண்மையான சிக்கல் தெரிவுத்திறனில், அதாவது மற்ற அயனிகளுக்கிடையே வேண்டிய அயனியை மட்டும் இனங்காண்பதில்தான் இருக்கிறது எனலாம். இந்தியக் குடிநீர்த் தரநிர்ணயத்தின்படி பாதரசத்தின் வரம்பு லிட்டருக்கு 0.001 மில்லிகிராம், கால்சியமோ 75 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, அதாவது எடையில் 75,000 மடங்கு. பக்கக்கிளைகளில் கார்பாக்சிலேட் தொகுதிகளைத் தாங்கிய பாலிமர் ஈயத்தோடு கால்சியத்தையும் பற்றிக்கொள்ளக்கூடியது. இதற்கு மாற்றாக, டிஎன்ஏவின் தைமின் காரங்கள் இரண்டு பாதரச அயனியை நடுவில் வைத்து இறுகப் பிணையும் இயல்பு பயன்படுத்தப்படுகிறது. தைமின் மிகுந்த டிஎன்ஏ இழை பாதரசத்தைப் பற்றி மடியும்போது, அதனோடு ஒட்டியிருந்த பாலிதயோஃபீன் என்னும் இணைவுப் பாலிமரின் சங்கிலியும் உருமாறி நிறம் மாறுகிறது. ஒளி மங்குவதற்குக் கலங்கல் நீரோ, சங்கிலிகள் தமக்குள் திரண்டுகொள்வதோகூடக் காரணமாகலாம் என்பதால், மங்கலை அளப்பதைவிட இவ்வாறு இரு நிறங்களின் விகிதத்தை அளப்பதே நம்பத்தக்கது.