குளிர்ந்த அணுக்கள் போடும் கணக்கு

நம் உடல் எடையில் ஏறக்குறைய முழுவதும் அணுக்கருக்களில் இருக்கிறது. அதாவது புரோட்டான்களிலும் நியூட்ரான்களிலும். ஒரு புரோட்டானுக்குள் மூன்று குவார்க்குகள் உண்டு. அந்த மூன்றின் நிறையையும் கூட்டிப் பார்த்தால் புரோட்டானின் நிறையில் நூற்றில் ஒரு பங்கு அளவுக்குத்தான் வருகிறது. மீதியெல்லாம் குவார்க்குகளின் ஓயாத ஓட்டமும், அவற்றைப் பிணைத்து வைத்திருக்கும் குளுவான் புலமும் தாங்கி நிற்கும் ஆற்றல். ஆற்றலும் நிறையும் ஒன்றே என்ற ஐன்ஸ்டைனின் விதிப்படி அதுதான் எடையாகத் தெரிகிறது.

இந்த ஆற்றலைத் தாளும் பேனாவும் கொண்டு கணக்கிட வழியில்லை. 1974-இல் அமெரிக்க இயற்பியலாளர் கென்னத் வில்சன் ஒரு வழி கண்டார். வெளியையும் காலத்தையும் கட்டம் கட்டமாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். கட்டங்களின் முனைகளில் குவார்க்குகளையும், முனைகளை இணைக்கும் கோடுகளில் புலத்தையும் வைக்க வேண்டும். பிறகு கணினியிடம் விட்டுவிடலாம். அந்த வழியில் போய்த்தான் 2008-இல் ஒரு ஐரோப்பிய ஆய்வுக் குழு, புரோட்டான் உள்ளிட்ட பல துகள்களின் நிறையைச் சில சதவீதத் துல்லியத்தில் கணக்கிட்டுக் காட்டியது. துகள் இயற்பியலின் பெரிய வெற்றிகளில் ஒன்று அது.

ஆனால் இந்த முறைக்கு ஓர் எல்லை உண்டு. ஒரு பொருள் நிலையாக இருக்கும்போது அதன் நிறை எவ்வளவு என்று கேட்டால் பதில் கிடைக்கும். அது நொடிக்கு நொடி எப்படி மாறுகிறது என்று கேட்டால் கிடைக்காது. நியூயார்க் மாநிலத்தின் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் தங்க அணுக்கருக்களை மோதவிட்டபோது வெப்பநிலை சுமார் 4 லட்சம் கோடி டிகிரியைத் தொட்டது. அந்த வெப்பத்தில் புரோட்டான்களும் நியூட்ரான்களும் உருகிக் குவார்க்-குளுவான் குழம்பாகின்றன. கண்ணிமைக்கும் நேரத்தில் கோடியில் ஒரு பங்குகூட அது நிலைப்பதில்லை. அதற்குள் குளிர்ந்து மீண்டும் துகள்களாகச் சிதறிவிடுகிறது. அந்த இடைப்பட்ட கணத்தில் நடப்பதைப் படிப்படியாகக் கணக்கிட வில்சன் வழிக்கு முடியவில்லை. நியூட்ரான் விண்மீனின் நெருக்கமான உட்பகுதியைப் பற்றிய கேள்விகளும் இதே இடத்தில்தான் முட்டி நிற்கின்றன.

காரணம் இதுதான். கணினி எல்லாச் சாத்தியங்களையும் எண்ணிப் பார்ப்பதில்லை. நிகழ வாய்ப்பு அதிகமுள்ளவற்றை மட்டும் பொறுக்கிச் சராசரி காண்கிறது. ஒவ்வொரு சாத்தியத்துக்கும் நேர் எண்ணாக ஓர் எடை இருக்கும்வரை இது நடக்கும். காலத்தோடு மாறும் நிகழ்வுகளிலும், நியூட்ரான் விண்மீனின் உட்பகுதி போன்ற நெருக்கத்திலும் அந்த எடைகள் கூட்டலாகவும் கழித்தலாகவும் மாறி மாறி வந்து ஒன்றையொன்று அடித்துக்கொள்கின்றன. கடைசியில் மிஞ்சும் மிகச் சிறிய எண்ணைப் பிடிக்க, கணினியின் உழைப்பு மடங்கு மடங்காகப் பெருகிக்கொண்டே போக வேண்டியிருக்கிறது. நேரடியாகவே எண்ணிவிடலாம் என்றாலும் முடியாது. இரண்டே நிலைகள் கொண்ட 300 அணுக்கள் சேர்ந்தால் உண்டாகும் சேர்க்கைகளின் எண்ணிக்கை, நம்மால் பார்க்க முடிந்த பிரபஞ்சத்திலுள்ள மொத்த அணுக்களைவிட அதிகம்.

1981-இல் ரிச்சர்ட் ஃபெய்ன்மன் ஓர் உரையில் இதற்கு மாற்று சொன்னார். இயற்கை குவாண்டம் விதிகளின்படி இயங்குகிறது; அதைப் போலச் செய்து பார்க்கும் கருவியும் குவாண்டம் விதிகளின்படி இயங்கட்டும் என்றார். கையில் பிடிக்க முடியாத ஓர் அமைப்பின் சமன்பாடுகளை, கையில் பிடிக்க முடிந்த வேறோர் அமைப்பைக் கொண்டு நடத்திக்காட்டச் செய்வது. குவாண்டம் சிமுலேட்டர் என்று இன்று சொல்லப்படுவது இதுதான்.

கையில் பிடிக்க முடிந்த அமைப்பாக வாய்த்தவை குளிர்ந்த அணுக்கள். அறை வெப்பநிலையில் ரூபிடியம் அணு நொடிக்குச் சுமார் 300 மீட்டர் வேகத்தில் பாய்கிறது. லேசர் ஒளியால் எதிர்த்திசையில் தள்ளி அதன் வேகத்தைக் குறைக்கலாம். இந்த முறைக்காக ஸ்டீவன் சூ, க்ளோட் கோஹன்-டனூஜி, வில்லியம் ஃபிலிப்ஸ் மூவரும் 1997-இல் நோபல் பரிசு பெற்றார்கள். மேலும் குளிர்வித்துத் தனிச்சுழி வெப்பநிலைக்கு ஒரு டிகிரியின் கோடியில் சில பங்கே மேலே கொண்டுவந்தால், அணு நொடிக்குச் சில மில்லிமீட்டர் என்று ஊரத் தொடங்கும். சத்யேந்திர நாத் போஸ் 1924-இல் டாக்காவில் இருந்தபடி தொடங்கிவைத்த கணக்கிலிருந்து பிறந்த போஸ்-ஐன்ஸ்டைன் செறிவு (அணுக்கள் ஒரே குவாண்டம் நிலையில் ஒன்றுசேர்வது), 1995-இல் ஆய்வகத்தில் உண்டானது இந்தக் குளிரில்தான்.

இப்படிக் குளிர்ந்த அணுக்களை நிறுத்திவைக்க ஒளியே போதும். எதிரெதிரே வரும் லேசர் கதிர்கள் சந்திக்கும்போது, ஒளி வலுத்த இடமும் மெலிந்த இடமும் மாறி மாறி வரிசையாக நிற்கும். அது ஒரு பல்லாங்குழிப் பலகை: குழிகள் ஒளியால் ஆனவை, காய்கள் அணுக்கள். குழிக்குக் குழி இடைவெளி சுமார் அரை மைக்ரோமீட்டர். லேசரைக் கூட்டினால் குழி ஆழமாகி அணு அங்கேயே தங்கும்; குறைத்தால் பக்கத்துக் குழிக்குத் தாவும். 2002-இல் ஜெர்மனியின் மியூனிக்கில் இமானுவேல் ப்ளோக், தியோடோர் ஹேன்ஷ் உள்ளிட்ட குழு இந்த இரு நிலைகளுக்கும் இடையே அணுக்களை விருப்பம்போல் மாற்றிக்காட்டியது.

அணுக்களைத் தாவவைத்துவிட்டால் மட்டும் துகள் இயற்பியல் வந்துவிடாது. எலெக்ட்ரான் ஓரிடத்திலிருந்து நகர்ந்தால் அதைச் சுற்றியுள்ள மின்புலமும் கூடவே மாறியாக வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியலில் வரும் காஸ் விதி இதைத்தான் கட்டாயமாக்குகிறது: ஒவ்வோர் இடத்திலும் மின்னூட்டமும் மின்புலமும் கணக்கு ஒத்துப்போக வேண்டும். இயற்கையில் இந்த விதி தானாகவே நிலைக்கிறது. ரூபிடியம் அணுவுக்கோ அப்படியொரு விதி இருப்பதே தெரியாது. அதை ஆய்வகத்தில் எப்படித் திணிப்பது என்பதே இந்தத் துறையின் மையக் கேள்வி.

சீனாவின் ஹெஃபேய், ஜெர்மனியின் ஹைடெல்பெர்க், இத்தாலியின் ட்ரென்டோ நகரங்களின் ஆய்வாளர்கள் சேர்ந்து 2020-இல் ஓர் அழகான விடை தந்தார்கள். ஜியான்-வெய் பான், ஃபிலிப் ஹவுக்கே முதலியோர் அந்தக் குழுவில் இருந்தார்கள். அவர்கள் அமைத்த வரிசையில் 71 குழிகள். ஒன்றுவிட்டு ஒன்றைப் பொருளுக்கும், இடையில் உள்ளவற்றை மின்புலத்துக்கும் ஒதுக்கினார்கள். பொருள் குழியில் ஓர் அணு இருந்தால் அங்கே ஒரு துகள் இருப்பதாகக் கணக்கு. அடுத்தடுத்த இரு பொருள் குழிகளின் அணுக்கள் நடுவிலுள்ள புலக் குழிக்குள் ஒன்றாகத் தாவினால், எலெக்ட்ரானும் அதன் எதிர்த்துகளான பாசிட்ரானும் சேர்ந்து அழிந்து மின்புலம் மாறிவிட்டது என்று பொருள். எதிர்த்திசையில் நடந்தால் வெற்றிடத்திலிருந்து ஒரு துகள் இணை பிறக்கிறது.

ஒற்றை அணு தனியாகத் தாவிவிட்டால் காஸ் விதி முறிந்துபோகும். அதைத் தடுக்கக் குழிகளின் ஆழத்தையும் அணுக்களுக்கிடையிலான விலக்கத்தையும் நுட்பமாகப் பொருத்தினார்கள். இரண்டு அணுக்கள் சேர்ந்து தாவினால் ஆற்றல் வரவும் செலவும் சரியாகிவிடும்; ஒன்று மட்டும் தாவினால் கணக்கு இடிக்கும். அதனால் அந்தத் தாவல் நடப்பது அரிதாகிறது. விதி நிலைத்ததா என்பதையும் அவர்கள் அளந்து பார்த்தார்கள். புலம், பொருள், புலம் என மூன்று குழிகளை அடுத்தடுத்துப் பார்த்தால் அனுமதிக்கப்பட்ட காட்சிகள் மூன்றே: நடுவில் ஓர் அணு, இருபுறமும் காலி; இடப்புறம் இரண்டு, மற்றவை காலி; வலப்புறம் இரண்டு, மற்றவை காலி. வேறு எது தெரிந்தாலும் விதிமீறல். துகள்கள் நிறைந்த நிலையிலிருந்து துகளற்ற நிலைக்கு வரிசையை மெல்ல நகர்த்தியபோதும் மீறல்கள் குறைவாகவே இருந்தன.

இரண்டாண்டு கழித்து அதே வகைக் கருவி புரூக்ஹேவன் மோதல்களுக்கு நெருக்கமான ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டது. வெவ்வேறு தொடக்க நிலைகள், ஆனால் மொத்த ஆற்றல் ஒன்றே. காலம் போகப் போக அவை என்னவாகும்? எல்லாம் ஒரே சமநிலையில் வந்து சேர்ந்ததை அணுக்கள் காட்டின. தொடங்கிய விதம் மறைந்துபோய் வெப்பநிலை மட்டும் மிஞ்சுவதைக் காஸ் விதி நிலைத்திருந்த ஓர் அமைப்பில் நேரடியாகப் பின்தொடர முடிந்தது.

சில சமயம் விடை முதலில் வந்து, கேள்வி பிறகு வந்திருக்கிறது. 2017-இல் ஹார்வர்டில் மிகைல் லூக்கின் குழு 51 ரூபிடியம் அணுக்களை லேசர் இடுக்கிகளால் வரிசையாக நிறுத்தியது. ரிட்பெர்க் நிலை எனப்படும், வெளி எலெக்ட்ரான் கருவைவிட்டு வெகுதூரம் விலகிய நிலைக்கு அவற்றைத் தூண்டினார்கள். ஓர் அணு அந்த நிலைக்குப் போனால் பக்கத்து அணு போக முடியாது. ஒன்றுவிட்டு ஒன்றாகத் தூண்டப்பட்ட வரிசை, தூண்டப்பட்டவையும் படாதவையும் இடம் மாறி, மறுபடி பழைய நிலைக்கு வந்து, எதிர்பார்த்ததைவிட நெடுநேரம் ஊசலாடியது. 2020-இல் ட்ரியெஸ்டே நகரக் கோட்பாட்டாளர்கள் உள்ளிட்ட குழு இதற்குத் துகள் இயற்பியல் வழியே ஒரு விளக்கம் தந்தது. பக்கத்து அணுவைத் தடுக்கும் அந்தக் கட்டுப்பாடே காஸ் விதி. அணுவின் இரு நிலைகளும் மின்புலத்தின் இரு திசைகள். நடந்தது, துகள் இணைகள் பிறந்து பிறந்து மின்புலத்தின் திசை திரும்பத் திரும்பப் புரண்டதுதான். 1962-இல் ஜூலியன் ஷ்விங்கர் ஒற்றைப் பரிமாணத்துக்கு எழுதிய மின்னியக்கவியல் மாதிரியின் எளிய வடிவம் அந்த 51 அணுக்களுக்குள் ஏற்கெனவே இருந்திருக்கிறது.

குவார்க்குகளின் உலகத்துக்கு இன்னும் நெருங்கிய காட்சி 2025-இல் கிடைத்தது. இரண்டு குவார்க்குகளைப் பிரித்து இழுத்தால் நடுவிலுள்ள புலம் ஓர் இழையாக நீள்கிறது. நீள நீள ஆற்றல் ஏறுகிறது. ஒரு கட்டத்தில் இழை அறுந்து, அறுந்த முனைகளில் புதிய இணை பிறந்து ஒட்டிக்கொள்கிறது. தனிக் குவார்க்கை யாரும் பார்க்காததற்கு இதுதான் காரணம். ரிட்பெர்க் அணுக்களைக் காகோமே எனும் முக்கோண-அறுகோணப் பின்னலாகத் தளத்தில் பரப்பி, இழை அறுவதற்கு இணையான நிகழ்வை ஹார்வர்ட், இன்ஸ்ப்ருக் ஆய்வாளர்களும் கியூஎரா நிறுவனத்தினரும் பதிவு செய்தார்கள். அதே ஆண்டில் மீகடத்திச் சில்லில் இழைகளின் அசைவைக் கூகுள் குழுவும் படம்பிடித்தது.

இவை எதுவும் இன்னும் குவார்க்குகளின் முழுக் கோட்பாடு இல்லை. ஆய்வகத்தில் அமைந்த புலம் பெரும்பாலும் இரண்டே மதிப்புகள் எடுக்கிறது; உண்மைப் புலத்துக்கோ எண்ணற்ற மதிப்புகள். வரிசைகள் ஒன்று அல்லது இரண்டு பரிமாணத்தில் நிற்கின்றன. நாம் வாழ்வது மூன்றில். மின்புலத்தின் விதி எளியது. குளுவான்களோ ‘வண்ணம்’ எனப்படும், மின்னூட்டம் போன்ற ஒன்றைத் தாங்களே சுமந்து ஒன்றோடொன்று வினைபுரிபவை. மூன்று வண்ணங்களின் அந்தக் கணக்குக்கு ஸ்ட்ரான்ஷியம், இட்டர்பியம் அணுக்கள் உதவக்கூடும் என்று கோட்பாட்டாளர்கள் திட்டம் வரைந்திருக்கிறார்கள். ஸ்ட்ரான்ஷியம்-87 அணுக்கருவின் தற்சுழற்சிக்குப் பத்து நிலைகள், இட்டர்பியம்-173-க்கு ஆறு. அணுக்கள் மோதினாலும் அந்த நிலைகள் கலைவதில்லை. அவற்றிலிருந்து மூன்றைத் தேர்ந்து வண்ணங்களாக வைத்துக்கொள்ளலாம். அந்த வண்ணங்களுக்கு உரிய காஸ் விதியை, 71 குழிகளில் செய்ததுபோல மீறல் குறைவாகத் திணிக்கும் வேலை இனிமேல்தான் நடக்க வேண்டும்.