திரும்பிச் செல்லும் வீட்டுக்கு இரண்டாவது அடுப்பு எது?

புத்தளம், கற்பிட்டி, முந்தல், வண்ணாத்திவில்லு பிரதேசங்களிலிருந்து மன்னாருக்கும் ஏனைய வட மாவட்டங்களுக்கும் மீளத் திரும்பும் குடும்பங்களில் பல, நிரந்தர வீடு கட்டி முடியும்வரை தகரமோ கிடுகோ போட்ட தற்காலிகக் கொட்டிலில்தான் இருக்க வேண்டியுள்ளது. 1990 ஒக்டோபரில் வெளியேறி வந்து இந்தக் கரையோரத்தில் கிடுகுக் குடிசைகளில் வாழ்ந்த பெரியவர்களுக்கு இது புதிதல்ல. ஒரே அறையில்தான் படுக்கை, சமையல், பிள்ளைகளின் புத்தகம் எல்லாம் இருக்கும். அப்படிப்பட்ட இடத்தில் அடுப்பைத் தவறாகத் தெரிவு செய்தால், கொண்டு சென்ற அத்தனையும் சில நிமிடங்களில் எரிந்துவிடலாம்.

ஒரு அடுப்பு ஏன் போதாது?

2022 ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். கேஸ் சிலிண்டருக்கு நாட்கணக்கில் வரிசை. மார்ச் மாதக் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு. ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு உயர்ந்தது. கேஸை மட்டும் நம்பியிருந்த வீடுகள் திண்டாடின. விறகு அடுப்பை இடிக்காமல் வைத்திருந்தவர்கள் சமைத்தார்கள்.

விறகை மட்டும் நம்புவதும் சரியல்ல. மாரி மழையில் விறகு நனைந்துவிட்டால் கைக்குழந்தைக்குச் சுடுநீர் வைக்கக்கூட வழியிருக்காது. ஆகவே இரண்டு அடுப்புகள் வேண்டும். அவை இரண்டும் வெவ்வேறு எரிபொருளில் எரிய வேண்டும்.

வாங்குமுன் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

1. போகும் ஊரில் எந்த எரிபொருள் கிடைக்கும்? புத்தளத்தில் தென்னந்தோட்டம் பக்கத்திலேயே இருக்கிறது. சிரட்டை, மட்டை, பாளை, காய்ந்த ஓலை எல்லாம் கைக்கெட்டும். திரும்பிப் போகும் காணியில் அப்படி இருக்காது. கேஸ் விற்கும் கடை எவ்வளவு தூரம், சிலிண்டரை யார் சுமந்து வருவது என்றும் கேட்டறியுங்கள்.

2. அடுப்பை எங்கே வைக்கப் போகிறீர்கள்? படுக்கும் அறைக்குள்ளா, தனியான சமையல் கொட்டிலிலா?

3. அடுப்படியில் யார் நிற்பார்கள்? தாய் கூலி வேலைக்குப் போய், பன்னிரண்டு வயதுப் பிள்ளை தேநீர் வைக்கும் வீடு என்றால் அதற்கேற்ற அடுப்புத்தான் வேண்டும்.

விறகு: மூன்று கல்லா, அனகியா?

மூன்று கல் அடுப்புக்குக் காசு தேவையில்லை. ஆனால் சூட்டின் பெரும்பகுதி காற்றோடு போய்விடும். தென்மேல் பருவக்காற்று வீசும் மே முதல் செப்டெம்பர் வரை இந்தக் கரையோரத்தில் தீப்பொறி எங்கே பறந்து விழும் என்று சொல்ல முடியாது.

இலங்கையில் பல ஆண்டுகளாகப் பாவனையில் உள்ள ‘அனகி’ களிமண் அடுப்பு இதைவிட மேலானது. ஒரே வாய், இரண்டு பானை. விறகு எரியும் இடம் மூடியிருப்பதால் ஒரு பக்கம் சோறு கொதிக்கும்போதே மிஞ்சிய சூட்டில் மறுபக்கம் கறி வேகும். விறகும் குறைவாகவே செல்லும். சட்டி பானை விற்கும் கடைகளில் கேட்டுப் பாருங்கள். வாங்கியபடியே பாவித்தால் சீக்கிரம் வெடிக்கும். களிமண்ணுடன் வைக்கோல் துண்டும் மாட்டுச் சாணமும் குழைத்துச் சுற்றிலும் கனமாகப் பூசி, நன்றாகக் காய்ந்த பிறகு மூட்டுங்கள். லொறியில் ஏற்றும்போது வைக்கோல் சுற்றி நிமிர்த்தி வையுங்கள்.

விறகு பொறுக்கும்போது இரண்டு விடயங்களில் கவனம் தேவை. கண்ணிவெடி அகற்றப்பட்டதாக அறிவிக்கப்படாத நிலத்துக்குள் கால் வைக்காதீர்கள். மண்டையோட்டுப் பலகை விழுந்து கிடந்தாலும் ஆபத்து விலகியதாகாது. அடுத்து, காட்டின் எந்தப் பகுதி ஒதுக்கப்பட்டது என்பதைக் கிராம உத்தியோகத்தரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தெரியாமல் வெட்டினாலும் வழக்கு வரலாம்.

கேஸ்

மழை நாளுக்கும் அவசரத்துக்கும் கேஸ் நல்ல துணை. 12.5 கிலோ சிலிண்டரைத் தூக்க முடியாதவர்கள் 5 கிலோ அல்லது 2.3 கிலோ சிலிண்டரை எடுக்கலாம்.

சமையல் கேஸ் காற்றைவிடப் பாரமானது. கசிந்தால் மேலே போகாது, தரையில் படியும். உயரத்தில் யன்னல் இருப்பது போதாது. சுவரின் அடியிலும் காற்றுப் போக வழி வேண்டும். பாயில் படுப்பவர்களின் பக்கத்தில் சிலிண்டர் இருக்கவே கூடாது. முடிந்தால் சிலிண்டரை வெளியே நிழலில் நிமிர்த்தி வைத்து, குழாயை மட்டும் உள்ளே எடுங்கள்.

2021 கடைசியில் நாட்டின் பல பகுதிகளில் கேஸ் அடுப்புகள் வெடித்தபின் மக்கள் ஒரு பழக்கத்தைக் கற்றுக்கொண்டார்கள். சிலிண்டர் மாற்றும் ஒவ்வொரு முறையும் மூட்டுகளில் சவர்க்கார நுரை தடவிப் பார்ப்பதுதான் அது. குமிழி வந்தால் கசிகிறது. தீக்குச்சியால் சோதிக்க வேண்டாம். குழாயில் வெடிப்பு இல்லாவிட்டாலும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

மண்ணெண்ணெயும் மின்சாரமும்

கிடுகுக் கூரையின் கீழ் மண்ணெண்ணெய் அடுப்பை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. வேறு வழியில்லை என்றால், எரியும்போது எண்ணெய் ஊற்றாதீர்கள். மீன்பிடிக் குடும்பங்களுக்கு ஒரு விசேட எச்சரிக்கை: படகு எஞ்சினுக்கு வைத்திருக்கும் எண்ணெயை அடுப்பில் ஊற்ற வேண்டாம். அதில் பெற்றோல் கலந்திருந்தால் அடுப்பு வெடிக்கும். இரண்டு கான்களையும் வேறு வேறு நிறத்தில் வைத்திருங்கள்.

மின்சார அடுப்பு, மீற்றர் பொருத்திச் சரியான வயர் போட்ட பிறகுதான். பக்கத்து வீட்டிலிருந்து இழுத்த மெல்லிய வயர் இந்தப் பாரத்தைத் தாங்காது.

அறைக்குள் கரிச்சட்டி வேண்டாம்

மழை இரவில் குளிர் தாங்காமல், அல்லது பிள்ளை பெற்ற தாய்க்குச் சூடு வேண்டும் என்று, சிரட்டைக் கரியைச் சட்டியில் போட்டு அறைக்குள் வைப்பவர்கள் இருக்கிறார்கள். அக்கறையால்தான் செய்கிறார்கள். ஆனால் புகையில்லாமல் சிவந்து கிடக்கும் கங்குதான் அதிகம் ஏமாற்றும். அதிலிருந்து வரும் காபனோரொட்சைட்டு வாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. உறக்கத்திலேயே உயிரைப் பறிக்கும். பழைய கிடுகுச் சுவரில் காற்று ஊடுருவும். தறப்பாளும் தகரமும் அடித்து இறுக்கிய புதிய கொட்டிலில் அப்படி ஊடுருவாது.

ஒரே நேரத்தில் பலருக்குத் தலைவலி, தலைச்சுற்று, வாந்தி வந்தால் உடனே எல்லோரையும் வெளியே எடுங்கள். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து ‘சுவசெரிய’ அம்புலன்ஸை வரவழையுங்கள்.

தாய்க்குக் குளிக்க நீரை வெளி அடுப்பில் கொதிக்க வையுங்கள். குழந்தையைத் தாயின் வெறும் மார்போடு அணைத்து மேலே போர்த்துங்கள். எந்த நெருப்பும் தராத பாதுகாப்பான சூடு அது. சாம்பிராணி போடுவதானால் கதவைத் திறந்து வைத்துப் போட்டு, முடிந்தவுடன் சட்டியை வெளியே எடுத்துவிடுங்கள்.

எங்கள் பரிந்துரை

பெரும்பாலான குடும்பங்களுக்கு, அன்றாடச் சமையலுக்கு வெளிக் கொட்டிலில் ஒரு அனகி அடுப்பும், மழைக்கும் அவசரத்துக்கும் ஒரு சிறிய கேஸ் அடுப்பும் போதும். கையில் காசு குறைவென்றால் அனகியை முதலில் வாங்குங்கள். சமையல் கொட்டிலை வீட்டிலிருந்து தள்ளி, காற்று பொறியை வீட்டுப்பக்கம் கொண்டுவராத திசையில் அமையுங்கள். அடுப்புக்கு மேலே கிடுகு வேண்டாம், தகரம் போடுங்கள். பக்கத்தில் ஒரு வாளி மணல் எப்போதும் இருக்கட்டும்.

புறப்படுவதற்கு முன் ஒரு சாக்குக் காய்ந்த சிரட்டையைக் கட்டி லொறியில் ஏற்றிவிடுங்கள். போய் இறங்கும் முதல் நாட்களில் விறகு தேடி அறியாத காட்டுக்குள் போக வேண்டியிருக்காது.