பல்பு மாறியது, சிமிட்டல் நின்றது ஏன்?

கண்மணி, உன் தெருவில் யாராவது பழைய அம்பாசடர் கார் வைத்திருக்கிறார்களா? இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு காரை அடிப்படையாக வைத்து, கொல்கத்தாவுக்குப் பக்கத்தில் உத்தரபாராவில் தயாரான கார் அது. 1957-இல் தொடங்கி 2014 வரை வந்துகொண்டிருந்தது. இன்றும் பலர் அதைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்கிறார்கள்.

அப்படி ஒரு காருக்கு ஆசை ஆசையாய்ப் புது எல்இடி பல்புகள் போடுகிறார்கள் என்று வைத்துக்கொள். வெளிச்சம் பளிச்சென்று இருக்கிறது. ஆனால் இண்டிகேட்டர் போட்டால் சிமிட்ட மாட்டேன் என்கிறது! எரிந்தது எரிந்தபடியே நிற்கிறது. பல்போ புதுசு. அப்புறம் என்ன கோளாறு?

உனக்கும் அதே கேள்விதானே மனசில் ஓடுகிறது? சபாஷ்! வா, கண்டுபிடிப்போம்.

பழைய கார்கள் பலவற்றில் டேஷ்போர்டுக்கு அடியில் ஒரு சின்ன அலுமினிய டப்பா இருக்கும். அதற்குப் பெயர் பிளாஷர். உள்ளே ஒரு மெல்லிய தகடு. இரண்டு வேறு வேறு உலோகங்களை ஒட்டிச் செய்தது. மின்சாரம் ஓடினால் தகடு சூடாகும். சூடானால் உலோகம் விரியும் என்று உனக்குத் தெரியும். ஆனால் இரண்டு உலோகமும் ஒரே அளவு விரியாது. ஒன்று அதிகம், ஒன்று குறைவு. அதனால் தகடு ஒரு பக்கமாக வளைந்துவிடும்.

வளைந்ததும் தொடர்பு விட்டுப்போகும். விளக்கு அணையும். மின்சாரம் நின்றதால் தகடு ஆறும், நிமிரும், மறுபடி தொடும். விளக்கு எரியும். 'டிக்... டிக்...' என்று கேட்கிறதே, அது அந்தத் தகடு தொட்டுத் தொட்டு விலகுகிற சத்தம்தான். சூட்டை மட்டும் வைத்துக்கொண்டு இவ்வளவு வேலை! எனக்கு மிகவும் பிடித்த கருவி இது.

இதுவரை புரிந்ததா? இனிதான் முக்கியமான இடம்.

பிளாஷருக்குக் கண் கிடையாது. விளக்கு எரிகிறதா என்று அது பார்ப்பதில்லை. பட்டம் விடும்போது கண்ணை மூடிக்கொண்டாலும், நூல் இழுக்கிற இழுப்பில் பட்டம் மேலே இருப்பது உன் கைக்குத் தெரியும் இல்லையா? பிளாஷரும் அப்படித்தான். பல்புகள் எவ்வளவு மின்சாரத்தை இழுக்கின்றன என்பது மட்டுமே அதற்குத் தெரியும்.

ஒரு சின்னக் கணக்குப் போடலாமா? பழைய இழை பல்பு ஒன்று 21 வாட். பேட்டரி 12 வோல்ட். 21-ஐ 12-ஆல் வகுத்தால் 1.75 ஆம்பியர். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, மொத்தம் 3.5 ஆம்பியர். தகடு சூடாகி வளைய இது போதும்.

எல்இடி பல்பு 2 வாட் என்று வைத்துக்கொள். இரண்டும் சேர்ந்தாலும் 0.33 ஆம்பியர்தான். பத்தில் ஒரு பங்குகூட இல்லை! இதில் தகடு எங்கே சூடாகும்? சூடாகாமல் எப்படி வளையும்? அதனால்தான் சிமிட்டல் நின்றது. யாரும் தப்பாக வயரிங் செய்யவில்லை.

இதை நிச்சயப்படுத்த ஒரு எளிய வழி உண்டு. பழைய பல்புகளையே திரும்பப் போட்டுப் பார்க்க வேண்டும். உடனே ஒழுங்காகச் சிமிட்டினால் ஒயரை நோண்டவே வேண்டாம். பிளாஷரை மாற்றினால் போதும். எல்இடிக்கு ஏற்ற எலக்ட்ரானிக் பிளாஷர் கடையில் கிடைக்கும். பழையதற்கு இரண்டு ஒயர் போதும். புதியவற்றில் பலவற்றுக்கு எர்த்துக்கென்று மூன்றாவது ஒயர் ஒன்று வேண்டும். அதைக் கொடுக்க மறந்துவிட்டு, "புது பிளாஷரும் வேலை செய்யலையே" என்று தலையைச் சொறிகிறவர்கள் உண்டு.

சிலர் பிளாஷரை மாற்றாமல், எல்இடிக்குப் பக்கத்தில் ஒரு மின்தடையை வைத்துக் கூடுதல் மின்சாரத்தை இழுக்க வைப்பார்கள். சிமிட்டும்தான். ஆனால் அந்தத் தடை தொட முடியாதபடி கொதிக்கும். மிச்சம் பிடித்த மின்சாரத்தை வீணாகச் சூடாக்கிக் கொட்டுகிறோமே! எனக்கு இந்த வழி பிடிக்காது.

அடுத்து இன்னொரு புதிர். கொஞ்சம் கடினம், ஆனால் உன்னால் முடியும்.

சில பழைய வண்டிகளில் இடது இண்டிகேட்டர் போட்டால் வலது பக்கமும் சேர்ந்து மினுக்கும். எல்இடி போட்ட பிறகுதான் இந்த வேடிக்கை. ஏன் தெரியுமா? அந்த வண்டிகளின் டேஷ்போர்டில் இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து ஒரே ஒரு குட்டி விளக்குதான். அதன் ஒரு கால் இடது ஒயரில், மறு கால் வலது ஒயரில். இடது பக்கம் போட்டால், மின்சாரம் குட்டி விளக்கு வழியாக வலது பல்புகளுக்குள் போய், அங்கிருந்து எர்த்தைச் சேரும்.

அந்தச் சொட்டு மின்சாரம் பழைய இழை பல்பை எரிய வைக்காது. எல்இடிக்கோ அதுவே போதும்! அதனால் வலது பக்கமும் கண் திறந்துவிடுகிறது.

இதற்கு இரண்டு டயோடுகள் போதும். டயோடு என்பது மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் சின்ன உறுப்பு. குட்டி விளக்கின் ஒரு காலை எர்த்தில் கொடுத்துவிட வேண்டும். மறு காலுக்கு இடது ஒயரிலிருந்து ஒரு டயோடு, வலது ஒயரிலிருந்து ஒரு டயோடு. இப்போது எந்தப் பக்கம் போட்டாலும் குட்டி விளக்கு எரியும். மின்சாரம் அடுத்த பக்கத்துக்குத் தாண்டாது. ஒரு தாளில் படம் வரைந்து பார், சட்டென்று விளங்கும்.

எர்த் எர்த் என்கிறேனே, அது என்ன? காரில் மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பி வர, பெரும்பாலும் தனி ஒயர் கிடையாது. காரின் இரும்பு உடம்பே திரும்பும் பாதை. புதுசாகப் பெயிண்ட் அடித்த பழைய காரில், லாம்ப் ஹோல்டர் உடம்பைத் தொடும் இடத்திலும் பெயிண்ட் ஏறிவிடும். பாதை அடைபட்டுப்போகும். இண்டிகேட்டர் மங்கலாக எரியும். சில நேரம் கூடவே டெயில் லைட்டும் துடிக்கும். எலக்ட்ரீஷியன் அண்ணன் ஹோல்டரிலிருந்து பேட்டரியின் எர்த் முனைக்குத் தற்காலிகமாக ஒரு ஒயர் கொடுத்துப் பார்ப்பார். சரியாகிவிட்டால் ஆள் அகப்பட்டான்! அந்த இடத்தை உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து மறுபடி இறுக்கினால் வேலை முடிந்தது.

நீயாக ஒயரைத் தொடாதே, கண்ணு. 12 வோல்ட் ஷாக் அடிக்காது என்றாலும், கார் பேட்டரியின் இரண்டு முனையும் ஒரு கம்பியால் சேர்ந்துவிட்டால் கம்பி பழுக்கக் காய்ந்துவிடும்.

உனக்கு வேறு வேலை இருக்கிறது. கடிகாரத்தை எடுத்துக்கொள். பெரியவர்கள் இண்டிகேட்டரைப் போடட்டும். ஒரு நிமிடத்தில் எத்தனை முறை சிமிட்டுகிறது என்று எண்ணு. 60-க்குக் குறையக் கூடாது, 120-ஐத் தாண்டக் கூடாது. இன்ஜின் ஓடும்போது ஒரு முறை, நிறுத்திவிட்டு ஒரு முறை எண்ணு. பழைய தகடு பிளாஷர் உள்ள வண்டி என்றால் இரண்டு எண்ணும் ஒன்றாக இருக்காது. ஏன் என்று யோசித்து எனக்கு எழுது. இன்ஜின் ஓடும்போது வோல்டேஜ் சற்றுக் கூடும், அதுதான் துப்பு!