வளவும் வங்கியில்லாப் பணமும்

“பிட்கொயின்” என்னும் சொல் இப்பொழுது நாவிதன்வெளி வட்டைகளிலும் கேட்கிறது. கட்டார், சவூதி என்று போய்வந்த தம்பிமாரும், கைத்தொலைபேசியில் எதையும் தேடிப் படிக்கும் பிள்ளைகளும் இதைப் பற்றிப் பேசுகின்றனர். அவர்களுள் சிலர் இதனை ஒரு முழு வாழ்க்கைமுறையாகவே காண்கின்றனர். சொந்த வளவு, சொந்தக் கிணறு, கூரையிலே சோலார் பனல், பட்டியிலே நாலு மாடு, அத்தோடு எந்த அரசாங்கமும் எந்த வங்கியும் கைவைக்க முடியாத பணம். இவ்வளவும் இருந்தால் எவரிடமும் கையேந்தாமல் வாழலாம் என்பது அவர்களது எண்ணம். இடம்பெயர்ந்து, மீளக் குடியேறி, வெறுங்கையோடு தொடங்கிய எமது விவசாயக் குடும்பங்களுக்கு இது எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதைச் சற்று நிதானமாகப் பார்ப்போம்.

முதலில் இது என்னவென்று விளங்கிக்கொள்ள வேண்டும். சீட்டுக் கட்டாத பெண்கள் எமது ஊர்களில் குறைவு. சீட்டுக் கணக்கு எழுதிய கொப்பி, சீட்டு நடத்துபவரிடம் இருக்கும். அவர் கணக்கை மாற்றினால் அல்லது கொப்பியோடு ஊரைவிட்டுப் போனால் மற்றவர்கள் தலையில் கைவைக்க வேண்டியதுதான். வங்கியும் ஒருவகையில் அப்படிப்பட்ட கொப்பிதான். அதற்குச் சட்டமும் காவலும் உண்டு என்பதே வேற்றுமை. பிட்கொயினில் அந்தக் கொப்பியின் பிரதி உலகமெங்குமுள்ள பல்லாயிரம் கணனிகளில் ஒரே நேரத்தில் இருக்கிறது. ஏறக்குறைய பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அதில் ஒரு புதிய பக்கம் சேர்கிறது. பழைய பக்கத்தில் ஒருவர் திருட்டுத்தனமாகக் கைவைத்தால் மற்றப் பிரதிகள் அதனை ஏற்பதில்லை. புதிய பக்கத்தை எழுதும் உரிமைக்காகப் பெரும் இயந்திரங்கள் போட்டியிடுகின்றன. வென்றவருக்குப் புதிய நாணயம் பரிசாகக் கிடைக்கும். அந்தப் பரிசு ஏறக்குறைய நான்கு ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகும்; 2024 ஏப்ரல் முதல் அது 3.125 நாணயம். மொத்தம் 2 கோடி 10 இலட்சம் நாணயத்துக்கு மேல் உண்டாகாது. சத்தோஷி நகமோட்டோ என்ற பெயரில் ஒருவரோ பலரோ 2008 ஒக்ரோபர் 31 இல் இத்திட்டத்தை எழுதி வெளியிட்டனர். 2009 ஜனவரி 3 இல் முதற் பக்கம் எழுதப்பட்டது. அந்தப் பெயருக்கு உரியவர் யார் என்பது நிறுவப்படவில்லை.

இந்தப் பணத்தில் எமது மக்களுக்கு உடனே விளங்கக்கூடிய குணம் ஒன்று உண்டு. 1990 இல் அம்பாறை மாவட்டத்தில் ஊரைவிட்டு ஓடியவர்கள் எதனைக் கொண்டு ஓடினார்கள்? வயலைத் தூக்கிக்கொண்டு ஓட முடியாது. கட்டிவைத்த நெல்லும் பட்டி மாடும் நின்ற இடத்திலேயே நின்றன. காணி உறுதியும் பெர்மிட்டும் கூரையோடு எரிந்த குடும்பங்கள் பின்னர் எத்தனை ஆண்டுகள் கந்தோர் படியேறின என்பது வாசகர்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. கழுத்திலும் காதிலும் கிடந்த பவுன்தான் பலருக்கு அகதி முகாமில் முதல் மாதங்களைக் கடத்த உதவியது. அந்தப் பவுனுக்கும் உத்தரவாதம் இல்லை. அதே ஆண்டு ஒக்ரோபரில் விடுதலைப் புலிகளால் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களுள் பலரிடமிருந்து, வெளியேறும் வழியிலேயே நகையும் காசும் பறிக்கப்பட்டன. 2004 டிசம்பர் 26 இல் கடல் வந்தபோது கல்முனைக் கரையோரத்தில் அலுமாரியோடு எல்லாம் போனது.

பிட்கொயினை வைத்திருப்பவரின் திறவுகோல் 12 அல்லது 24 சொற்களில் அடங்கும். அச்சொற்களை ஒழுங்காக மனப்பாடம் செய்தவர் வெறுங்கையோடு எல்லை கடந்து, வேறொரு நாட்டில் வேறொரு தொலைபேசியில் தனது பணத்தைத் திறக்கலாம். எந்தச் சோதனைச் சாவடியிலும் அதனைத் தடவி எடுக்க முடியாது. இந்த ஒரு குணத்துக்காகவாவது, இதனை வெறும் பித்தலாட்டம் என்று தள்ளிவிட நான் விரும்பவில்லை. ஆயினும் சொற்கள் மறந்தால் பணமும் போயிற்று. விண்ணப்பம் கொடுக்கக் கந்தோர் இல்லை, முறையிட முகாமையாளர் இல்லை. அச்சொற்களுக்கான பொதுப் பட்டியல் ஆங்கிலம் முதலிய சில மொழிகளில் மட்டுமே உண்டு; தமிழில் இல்லை. எங்கள் ஆச்சிமாருக்கு இது எவ்வளவு உதவும் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

இனி விலைக்கு வருவோம். ரூபாவில் நம்பிக்கை இழந்தவர்களை நான் குறை சொல்லமாட்டேன். 2022 தொடக்கத்தில் ஒரு டொலர் ஏறக்குறைய 200 ரூபா. ஏப்ரல் 12 இல் வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை அரசாங்கம் நிறுத்தியது. மே மாதத்தில் டொலர் 360 ரூபாவைத் தொட்டது. செப்டெம்பரில் பணவீக்கம் 70 வீதத்தை அண்மித்தது. சதம் சதமாகச் சேர்த்து வங்கியில் போட்டவர்களின் சேமிப்பு, அவர்கள் தூங்கி எழும்புவதற்குள் கரைந்தது.

அந்த ஜனவரியிலே ஒருவர் 1 இலட்சம் ரூபாவைப் பிட்கொயினாக மாற்றினார் என்று வைத்துக்கொள்வோம். அன்று ஒரு நாணயம் ஏறக்குறைய 47,000 டொலர். அந்த ஆண்டு முடிவில் அது 17,000 டொலருக்கும் கீழே. ரூபா விழுந்ததையும் சேர்த்துக் கணக்கிட்டால் அவர் கையில் சுமார் 64,000 ரூபாதான் மிஞ்சும். அதுவும் பொருள்களின் விலை ஒன்றரை மடங்குக்கு மேல் ஏறிவிட்ட நாட்டில். அதே பணத்துக்குப் பவுன் வாங்கியவருக்கு இந்த நட்டம் வரவில்லை. உலகச் சந்தையில் தங்கத்தின் டொலர் விலை அந்த ஆண்டின் தொடக்கத்திலும் முடிவிலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. ஆகவே ரூபா விழுந்த அளவுக்கு இங்கே பவுன் ஏறியது.

விற்காமல் 2024 டிசம்பர் வரை பொறுத்திருந்தால்? ஒரு நாணயம் 1 இலட்சம் டொலரைக் கடந்தது. அவரது 1 இலட்சம் ரூபா ஏறக்குறைய 3 இலட்சமாகியிருக்கும். இதையும் மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும். ஆனால் மாரிப்போகத்துக்கு விதைநெல்லும் உரமும் உழவுக் கூலியும் தேவைப்படும்போது “விலை ஏறட்டும், மூன்று வருடம் பொறுப்போம்” என்று சொல்லக்கூடிய விவசாயி யார்? யானை வேலியை முறித்த அன்றும், பிள்ளையை ஆசுபத்திரிக்குக் கொண்டோடும் அன்றும், கையிலிருப்பதை அன்றைய விலைக்கே நாம் விற்கிறோம். விற்கும் நாளைத் தெரிவு செய்ய வசதியுள்ளவருக்கு ஏற்ற சேமிப்பு இது. எமது குடும்பங்களுள் அந்த வசதி உள்ளவர் மிகச் சிலர்.

“மின்கம்பி இல்லாமலே வாழலாம், பணமும் அப்படித்தான்” என்று இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவதிலும் கவனம் வேண்டும். வாடியிலே பனலும் பற்றரியும் வைத்து இரவு யானைக் காவல் செய்பவருக்கு, வெளிச்சம் தனது கையிலே இருக்கிறது. பழுதானால் கல்முனையில் திருத்திக் கொள்வார். பிட்கொயினை அனுப்பவும் பெறவும் தொலைபேசிக் கோபுரமும் இணையமும் வேண்டும். கிட்டங்கித் தாம்போதிக்கு மேலால் வெள்ளம் பாயும் நாள்களில் கோபுரத்துக்கு மின்சாரம் போனால், கொப்பி உலகமெல்லாம் இருந்தும் எமக்குப் பயனில்லை. கடைக்காரர் அதனை வாங்கமாட்டார் என்பது இன்னொன்று. எல் சல்வடோர் நாடு 2021 செப்டெம்பரில் சட்டம் போட்டே கடைகளை அதனை ஏற்கச் செய்தது. 2025 ஜனவரியில் அந்தக் கட்டாயத்தை நீக்கியது.

சோலார் பனலால் நாணயம் உண்டாக்கலாமா என்று கேட்கிறார்கள். அதற்கென்றே செய்த இயந்திரம் ஒன்று இரவு பகலாக 3,000 வாற்றுக்கு மேல் இழுக்கும். வாடியின் 100 வாற்றுப் பனல் அதற்கு எம்மாத்திரம்? மிஞ்சிய மின்சாரம் உள்ள இடத்தில் கதை வேறு. சாம்பியா நாட்டின் வடமேற்கு மூலையில், சாம்பேசி ஆற்றில், நன்கொடைப் பணத்தால் கட்டிய செங்கமினா என்னும் சிறு நீர்மின் நிலையம் உண்டு. தேசிய மின்வலை எட்டாத அவ்விடத்தில், மக்களுக்கு வேண்டிய அளவுக்கு மேல் உண்டான மின்சாரம் வீணாகியது. கென்யாவின் கிரிட்லெஸ் நிறுவனம் அங்கே இயந்திரங்களை வைத்து அதனை விலைக்கு வாங்கியது. நிலையத்தின் வருமானத்தில் ஏறக்குறைய 30 வீதம் அதிலிருந்தே வந்தது. ஊராரின் கட்டணமும் ஏறாமல் நின்றது. பின்னர் தேசிய வலையோடு இணையும் ஏற்பாடு வந்தபோது அந்த ஏற்பாடு முடிவுக்கு வந்தது. அங்கே மக்களுக்குக் கைகொடுத்தது ஆறும் சுழலியும் அவர்களிடமே இருந்தமை. நாணயம், மிஞ்சியதை வாங்கிய ஒரு வாடிக்கையாளர் மட்டுமே.

இவையெல்லாம் உண்மையான பிட்கொயினைப் பற்றியவை. எமது கிராமங்களுக்கு வந்து கதவைத் தட்டுவது பெரும்பாலும் அது அல்ல. “இந்தச் செயலியில் காசு போடுங்கள், நாளுக்கு இவ்வளவு வரும், இன்னும் மூவரைச் சேர்த்தால் மேலும் வரும்” என்பது, டிஜிட்டல் நாணயம் என்ற சட்டை போட்ட பிரமிட் திட்டம். வங்கிச் சட்டத்தின் 83இ பிரிவு இதனைத் தடைசெய்கிறது. மத்திய வங்கி பெயர் சொல்லி எச்சரித்தவற்றுள் ஸ்போர்ட் செயினும், எம்.ரி.எஃப்.ஈ.யும் உண்டு. பின்னது 2023 ஆகஸ்டில் பல நாடுகளில் ஒரே நேரத்தில் பணத்தோடு மறைந்தது. சேர்த்துவிடுபவர் பெரும்பாலும் மச்சானோ, கூடப்படித்த கூட்டாளியோதான். அவருக்கும் இது தெரியாது. ஆகவே முகத்தைப் பார்த்து நம்பாமல், திட்டத்தைப் பார்த்துக் கேளுங்கள்: ஆள் சேர்த்தால் காசா? இலாபம் முன்கூட்டியே குறிக்கப்பட்டதா? உங்கள் 12 சொற்கள் உங்களிடமா, அவர்களிடமா? முதலிரண்டுக்கும் “ஆம்” என்றால், அங்கே பிட்கொயின் என்று ஒன்றுமே இல்லை.

சட்டநிலையும் தெரிந்திருக்க வேண்டும். மெய்நிகர் நாணயம் வாங்க வங்கி அட்டைகளைப் பயன்படுத்த முடியாது என்று 2021 இல் வெளியிடப்பட்ட அந்நியச் செலாவணிப் பணிப்பு கூறுகிறது. ஆகவே இங்கு வாங்க முற்படுவோர் முன்பின் தெரியாதவருக்குக் காசு அனுப்பித்தான் வாங்குகின்றனர். அனுப்பிய நாணயத்தையும் ஒருவராலும் திருப்பி எடுக்க முடியாது.

அடைவு வைத்த நகையையோ, பசுவையோ, சங்கக் கடனையோ இதற்குத் திருப்ப வேண்டாம் என்பதே எனது கருத்து. வெளிநாட்டிலுள்ள மகன் அங்கே சட்டப்படி சிறிதளவு வாங்கி வைத்திருந்தால் அது அவருடைய காரியம். ஆனால் அச்சொற்கள் எங்கே இருக்கின்றன என்பது வீட்டில் இன்னொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். தொலைபேசியில் படமெடுத்து வைக்க வேண்டாம். தாளில் எழுதி, காணிப் பெர்மிட்டின் பிரதியோடும் பிறப்புச் சாட்சிப்பத்திரங்களோடும் தடித்த பொலித்தீனில் கட்டி, மாரி வெள்ளம் எட்டாத உயரத்தில் வையுங்கள். இன்னொரு பிரதி வேறொரு ஊரிலுள்ள உறவினர் வீட்டில் இருக்கட்டும்.