உலாவியின் அடையாள வரி

நெய்க்காரப்பட்டியில் ஒரு வீட்டில் பத்து வருடப் பழைய லேப்டாப் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். லினக்ஸும் ஒரு சின்ன உலாவியும் போட்டால் நன்றாகவே ஓடுகிறது. பிள்ளை மின்னஞ்சலைத் திறக்கிறான். கடவுச்சொல் சரிதான், ஆனால் உலாவி பாதுகாப்பில்லை என்று தளம் உள்ளே விட மறுக்கிறது. அது எந்த உலாவி என்று தளத்துக்கு எப்படித் தெரிந்தது?

ஒவ்வொரு பக்கத்தைக் கேட்கும்போதும் உலாவி தன்னைப் பற்றி ஒரு வரி அனுப்புகிறது. அதற்குப் பெயர் யூசர் ஏஜென்ட். குரோம் அனுப்பும் வரி 'மொசில்லா/5.0' என்று தொடங்கும். 1990களில் சில தளங்கள் மொசில்லா என்று சொன்ன நெட்ஸ்கேப்புக்கு மட்டும் நல்ல பக்கத்தைக் கொடுத்தன; மற்ற உலாவிகளும் அந்தப் பெயரைப் போட்டுக்கொண்டன. வரியின் நடுவே 'கேஹெச்டிஎம்எல்' என்றும் இருக்கும். அது கேடிஇ என்ற திறந்த மென்பொருள் திட்டத்தின் தன்னார்வலர்கள் கான்கரர் உலாவிக்காக எழுதிய, பக்கத்தை வரைந்து காட்டும் எஞ்சின். அதை எடுத்து ஆப்பிள் 2003-ல் சஃபாரியைச் செய்தது. அந்த வழியில் வந்ததுதான் 2008-ன் குரோம்.

2019-ல் கூகுள் உள்நுழைவை இறுக்கியது. காரணம் நியாயமானது: செயலிக்குள் பதித்த உலாவியில் கடவுச்சொல்லையும் ஓடிபியையும் தட்டினால், செயலியைச் செய்தவர் நடுவில் நின்று இரண்டையும் எடுத்துவிடலாம். ஆனால் அந்த ஆண்டு முடிவில் கான்கரர் பயனர்கள் சிலரும் வாசலில் நின்றார்கள். பாட்டன் வீட்டு ஆளைப் பேரன் வீட்டில் தடுத்தது போல.

அதே டிசம்பரில் விவால்டி உலாவி, பல தளங்கள் தடுக்கின்றன என்று தன் பெயரை வரியிலிருந்தே எடுத்துவிட்டுக் குரோம் போலக் காட்டிக்கொண்டது. திருடனும் இதையே செய்வான். பெயரைப் பார்த்துத் தடுத்தால் உண்மையைச் சொல்பவன்தான் மாட்டுவான்.

பார்க்க வேண்டியது சாவியை. கடவுச்சொல்லுக்குப் பதிலான பாஸ்கீ என்ற சாவி அந்தந்தத் தளத்தின் முகவரியோடு கட்டுண்டது. போலித் தளத்தில் திறக்காது. அதன் அடிப்படையான வெப்ஆத்தன் 2019 மார்ச்சில் திறந்த தரமானது. எந்த உலாவியும் அதைப் பின்பற்றலாம்.

சோஹோ நிறுவனத்தின் 'உலா' உலாவி 2025-ல் மத்திய அரசின் உலாவிப் போட்டியில் முதல் பரிசு வாங்கியது. நமக்குப் பெருமைதான், ஆனால் அதுவும் குரோமின் அடிப்படையான குரோமியத்தின் மேல் கட்டியதே. நாளை நம் பிள்ளை ஒருவன் எஞ்சினையே புதிதாக எழுதலாம். கேஹெச்டிஎம்எல் எழுதியவர்களுக்கு அன்று வலை திறந்திருந்தது. அவனுக்கும் திறந்திருக்க வேண்டும்.