படத்துக்குள் புகுந்த சட்டம்

கடைத்தெருவில் கண்ணாடிக் கடை என்றால் அது படத்துக்குச் சட்டம் போடும் கடையாகவும் இருக்கும். சாமி படம், கல்யாணப் படம், காலமான தாத்தாவின் படம் மூன்றும் ஒரே மேசைக்கு வரும். மரச்சட்டத்தை 45 டிகிரியில் அறுத்து மூலை சேர்க்கும்போது நடுவே கோடுகூடத் தெரியக்கூடாது. கடைக்காரரின் பெயர் அந்த மூலையில்தான் இருந்தது. படத்தைச் சுற்றி மவுண்ட் அட்டை, முன்னால் கண்ணாடி, பின்னால் பலகை, அதைப் பிடித்துக்கொள்ளச் சிறு ஆணிகள். வீட்டில் அதை நிலைக்கு மேலே, கீழே நிற்பவருக்கு முகம் தெரியும்படி முன்பக்கம் சாய்த்து மாட்டுவார்கள். அந்தச் சாய்வுக்குப் பின்னால் சிட்டுக்குருவி கூடு கட்டும்.

மவுண்ட் அட்டை அழகுக்காக வைப்பது என்றே பலரும் நினைக்கிறார்கள். அதற்கு அதைவிட முக்கியமான வேலை உண்டு. பழைய ஃபோட்டோவின் மேற்பரப்பு ஜெலட்டின். மழைக்காலத்து ஈரத்தை அது இழுத்துக்கொண்டு இளகும். கண்ணாடியைத் தொட்டபடி இருந்தால் அப்படியே ஒட்டிக்கொள்ளும். பிரித்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும். நடுவே அட்டையின் கனம் அளவுக்குக் காற்று இருந்தால் படம் பிழைக்கும். அழகும் காவலும் ஒரே அட்டையில் இருந்தன.

அலங்காரம் முழுக்கக் கண்ணாடிக் கடையிலேயே நடந்தது என்றும் சொல்லமுடியாது. ஸ்டுடியோவின் டார்க் ரூமில் பாதி நடந்தது. அட்டையில் முட்டை வடிவத்தில் துளை போட்டு, என்லார்ஜருக்கும் ப்ரோமைடு தாளுக்கும் இடையே பிடித்துக்கொண்டு கையை மெல்ல அசைத்தபடியே இருப்பார்கள். அசைவதால் ஓரம் வெட்டினதுபோல் விழாமல் வெள்ளையில் புகையாகக் கரையும். மணமகனை ஒரு பக்கமும் மணமகளை இதய வடிவத்துக்குள் மறுபக்கமும் கொண்டுவர இரண்டு நெகட்டிவ், இரண்டு மாஸ்க் வேண்டும். ஒன்று மறைத்த இடத்தில்தான் இன்னொன்று ஒளியை விடவேண்டும். ஒரு விநாடி கூடினாலும் தாள் வீண், காசும் வீண். அதனால் அந்த அலங்காரம் வீட்டுக்கு ஒன்றோ இரண்டோ படங்களுக்குத்தான் வாய்த்தது. எத்தனை இதயத்துக்குள் முகத்தை வைத்தாலும், நெகட்டிவ் உறைக்குள் அந்தப் படம் முழுசாக, எதுவும் தொடாமல் இருந்தது. இதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

டார்க் ரூமின் இந்த வேலை பிறகு கணினிக்குப் போனது. தாமஸ் நோல், ஜான் நோல் என்ற அமெரிக்கச் சகோதரர்கள் எழுதிய ஃபோட்டோஷாப் மென்பொருள் 1990இல் அடோபி நிறுவனத்தின் வழியாக வெளிவந்தது. அலங்காரச் சட்டம் செய்பவர்களுக்கு உண்மையான திருப்பம் 1994இல் அதன் 3.0 பதிப்பில் வந்த லேயர்கள். கீழே முகம், மேலே நடுவில் துளையுள்ள சட்டம், அதற்கும் மேலே மாலை, எழுத்து. எதை வேண்டுமானாலும் நகர்த்தலாம், மறைக்கலாம், திரும்பக் கொண்டுவரலாம். டார்க் ரூமில் கையசைத்து வாங்கிய கரைந்த ஓரத்துக்கு இப்போது ஃபெதர் என்ற கட்டத்தில் ஓர் எண்ணைத் தட்டினால் போதும். மரச்சட்டத்தின் மேடுபள்ளத்தை பெவல் தரும், நிழலை ட்ராப் ஷேடோ தரும். சட்டத்தை பி.என்.ஜி. ஃபைலாகச் சேமித்தால் துளை துளையாகவே நிற்கும்; ஜே.பி.ஜி.யில் சேமித்தால் அந்த இடம் அடைபட்டுவிடும்.

நம் ஊர் ஸ்டுடியோக்களில் டிஜிட்டல் கேமராவும் கலர் லேபும் நிலைத்த பிறகு கல்யாண ஆல்பத்தின் உருவமே மாறியது. கறுப்புத் தாளில் மூலை ஒட்டிச் செருகிய படங்களின் இடத்தில், விரித்தால் 12க்கு 36 அங்குலம் வரும் கரிஷ்மா ஆல்பம் வந்தது. அங்குலத்துக்கு 300 புள்ளி என்று கணக்கிட்டால் ஒரு விரிப்புக்கு 3600க்கு 10,800 பிக்சல். அந்த அகலத்தை நிரப்பவேண்டும். அதற்காக, லேயர்களோடு சேமித்த பி.எஸ்.டி. ஃபைல்களாக டிசைன்கள் டிவிடிகளில் நிறைத்து விற்கப்பட்டன. ராஜஸ்தான் அரண்மனை வளைவுக்குள் தஞ்சாவூர் மணமக்கள் நின்றார்கள். தாலி கட்டும் படம் பனிமலை அருவியோடு கலந்தது.

போகாத இடத்தில் நிற்கும் அந்த ஆசையை நான் குறை சொல்லமாட்டேன், அது பழையது. அந்தக் காலத்து ஸ்டுடியோவிலும் பின்னால் மாளிகைப் படிக்கட்டும் பூந்தோட்டமும் வரைந்த திரை தொங்கியது. காலண்டர் சாமி படங்களால் வீடுதோறும் நுழைந்த கோவில்பட்டி ஓவியர் கொண்டையராஜுவும் நாடகத் திரைச்சீலை வரைந்தவர்தான். எனக்கு உறுத்துவது வேறு. திரையின் முன் நின்றவர்கள் மேல் அங்கே இருந்த விளக்கு விழுந்தது. டிசைனுக்குள் நிற்பவர் மேல் மண்டபத்து ஒளி வலப்பக்கமிருந்து விழ, சட்டத்தின் நிழலோ இடது மேல் மூலையில் விளக்கு இருப்பதாகச் சொல்லும். பார்ப்பவருக்குக் காரணம் தெரியாது, ஏதோ ஒட்டவில்லை என்று மட்டும் தோன்றும். முகத்தில் ஒளி எந்தப் பக்கம் என்று பார்த்து நிழலின் கோணத்தைத் திருப்பிவிட்டால் பாதிக் குறை தீர்ந்துவிடும். நல்ல டிசைனர்கள் இதைச் செய்கிறார்கள்.

மென்பொருள் செய்த ஒரு நன்மையை மட்டும் எவ்வளவு சொன்னாலும் தகும். முன்பு ஏழை வீட்டில் ஒரு தாய் இறந்துபோனால் மாலை போட ஒரு படம்கூட இருக்காது. கல்யாணக் கூட்டத்தில் ஓரமாக, பாதி தோள் மறைந்து நிற்கும் ஒரு முகம்தான் மிச்சம். அதை வைத்து ஓவியர் கரித்தூளால் பெரிதாக வரைந்து கொடுத்தார், அதற்கும் பணம் வேண்டும். இன்று வாக்காளர் அட்டையிலிருக்கும் தபால்தலை அளவுப் படத்தை எடுத்து, முத்திரை விழுந்த இடத்தைத் துடைத்து, விட்டுப்போன தோளையும் சேலையையும் சேர்த்து, நீலப் பின்னணி வைத்து, சுற்றிலும் பொன்னிறச் சட்டம் போட்டு, அடக்கத்துக்கு முன்பே கையில் கொடுத்துவிடுகிறார்கள். அந்தச் சேலை அவர் கட்டாத சேலையாக இருக்கலாம். ஆனாலும் பேரப்பிள்ளைகளுக்கு ஒரு முகம் கிடைத்துவிட்டது. இந்த வேலையைச் செய்யும் தெருமுனை டிசைனரை நான் மரியாதையோடு பார்க்கிறேன்.

இப்போது அந்த டிசைனர்கூடத் தேவையில்லை. பிக்ஸ்ஆர்ட், கேன்வா போன்ற செயலிகளில் பிறந்தநாள் சட்டமும் அஞ்சலிச் சட்டமும் தயாராக இருக்கின்றன. பள்ளிப் பிள்ளை பேருந்தில் உட்கார்ந்தபடியே செய்துவிடும். வேகமும் தாராளமும் நல்லவையே.

இழப்பு வேறிடத்தில் நடக்கிறது. மரச்சட்டம் பிடிக்காவிட்டால் கழற்றி வேறு போடலாம். லேயர்களை ஒன்றாக இறுக்கி ஜே.பி.ஜி. ஆக்கிவிட்டால் ரோஜா இதழ் விழுந்த கன்னம் இதழாகவே நிற்கும், அடியில் கன்னம் கிடையாது. மூலப் படம் மெமரி கார்டிலிருந்து அழிந்திருக்கும். வாட்ஸ்அப்பில் வரும் படமோ பெரும்பாலும் சுருங்கியே வரும். நெகட்டிவ் உறை செய்த வேலையை இன்று யாரும் செய்வதில்லை. அதனால் கல்யாணம் பேசி முன்பணம் கொடுக்கும்போதே, ஆல்பத்தோடு டிசைன் செய்யாத படங்கள் முழு அளவில் தனியாக வேண்டும் என்று சொல்லிவிடவேண்டும். டிசைன் செய்பவர்கள் பி.எஸ்.டி.யை லேயர் கலையாமல் வைத்திருக்கவேண்டும்.

பழைய படங்களுக்கும் இதே அபாயம் வந்திருக்கிறது. 1880 முதல் 1980 வரையிலான தமிழ் ஸ்டுடியோப் படங்களைத் தேடி, பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு டிஜிட்டலாகப் பதிந்தது புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம். வீடுகளில் நடப்பதோ நேர் எதிர். ஸ்கேன் செய்பவர் மவுண்டை வெட்டித் தள்ளிவிட்டு, முகத்தை மட்டும் எடுத்துப் புதுச் சட்டத்தில் பொருத்துகிறார். அந்த அட்டையின் கீழ் ஓரத்தில்தான் ஸ்டுடியோவின் பெயரும் ஊரும் அழுத்தி அச்சிடப்பட்டிருக்கும். பின்புறம் பென்சிலில் நெகட்டிவ் எண்ணோ தேதியோ யாரோ எழுதியிருப்பார்கள். கண்ணாடியில் ஒட்டியிருந்தால் பிரிக்காமல் கண்ணாடியோடு ஸ்கேன் எடுக்கலாம். ஒட்டாமல் இருந்தால் சட்டத்தைக் கழற்றி, அட்டையின் நான்கு ஓரமும் தெரிய முன்பக்கம் ஒரு ஸ்கேன், பின்பக்கம் ஒரு ஸ்கேன். புதுச் சட்டம் போடுவதை அதன் நகலில் செய்துகொள்ளலாம்.