திரைக்கு வருமுன்னே

ஒரு படம் வருமுன்னே அதைப் பற்றிப் பேசுவது எல்லா ஊர்களிலும் உண்டு. எழுபது ஆண்டுகள் பேசிய பெருமை எங்கள் சோழ நாட்டாருக்கே உரியது! கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் வெளிவந்தது. வீராணம் ஏரி, பழையாறை, தஞ்சை, நாகை, கோடிக்கரை என்று கதை செல்லும் ஊரெல்லாம் நாங்கள் பேருந்தில் போகும் ஊர்களே. ஆகவே வந்தியத்தேவனாக யார் நடிப்பது என்று வீடுதோறும் வழக்கு நடந்தது. 1958-இல் எம்.ஜி.ஆர். படமாக்க முனைந்தார், கைகூடவில்லை. அன்று அவருக்காக வாதாடியவர்களின் பேத்திகளாகிய நாங்கள் கார்த்திக்காக வாதாடினோம்.

மணிரத்னத்தின் முதல் பாகம் 2022 செப்டம்பர் 30-இலும், அடுத்தது 2023 ஏப்ரல் 28-இலும் வெளியாயின. "பெரிய கோயிலையே காணோமே!" என்று தோழியர் சிலர் குறைப்பட்டனர். அது சரியன்று. இராசராசன் அரியணை ஏறியது 985-இல். கதை அதற்கும் முந்தியது. கோயில் முடிந்ததோ 1010-இல்தான். எங்கள் குறை வேறு. பல காட்சிகளை ஓர்ச்சாவிலும் தாய்லாந்திலும் எடுத்ததால், காவிரிக் கரையின் நெல்வயல்கள் கண்ணுக்கு நிறையவில்லை.

தொடராகப் படித்தவர்களில் பலர் படத்தைக் காண இல்லை. இருந்த பாட்டிமாரைக் கைப்பிடித்து அழைத்துச் சென்றோம். "பூங்குழலி இப்படியா இருப்பாள்?" என்று அவர்கள் இருட்டில் உரக்கக் கேட்டார்கள். முன் வரிசையார் திரும்பிப் பார்த்தும் அடங்கவில்லை.